நூற்றுக்கு நூறு தேர்ச்சி மட்டும் போதுமா?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் பள்ளி வாசலில் பேனர் ஏறுகிறது. "நூற்றுக்கு நூறு தேர்ச்சி" என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். ஆசிரியர்களுக்குப் பெருமை, பெற்றோருக்கு மகிழ்ச்சி. ஆனால் அதே பள்ளியின் நான்காம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் ஒரு பக்கக் கதையைத் தடுமாறாமல் வாசிப்பார்கள்? அதை எந்தப் பேனரும் சொல்வதில்லை.

பள்ளிக்கு இலக்கு வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. எது இலக்கு என்பதில்தான் கோளாறு. பத்தாம் வகுப்பு ஒன்றையே குறியாகக் கொண்ட பள்ளி, பத்தாம் வகுப்பில்தான் விழித்துக்கொள்கிறது. எழுத்துக் கூட்டவே திணறும் பிள்ளைக்கு அந்த வயதில் எந்த டியூஷனும் கைகொடுக்காது. பணம்தான் கரையும்.

நாட்டின் நிலைமை என்ன? கிராமப்புறங்களில் எடுக்கப்படும் 'ஏசர்' கணக்கெடுப்பின்படி, 2022-ல் அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்பு மாணவர்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடியவர்கள் 16.3 சதவீதமே. 2024-ல் இது 23.4 சதவீதமாக உயர்ந்தது. முன்னேற்றம்தான். ஆனாலும் நான்கில் மூன்று பிள்ளைகள் இன்னும் பின்தங்கியே இருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பிலும் பாதிக்கு மேற்பட்டோரால் அந்தப் பாடத்தை வாசிக்க முடியவில்லை. மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்கும் போட வேண்டும் என்று மத்திய அரசு 2021-ல் 'நிபுண் பாரத்' திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு வைத்த கெடு 2026-27.

மும்பைப் பிள்ளையின் சுமை

கிராமத்தில் ஒரு மொழியில் படிக்கும் பிள்ளைக்கே இந்தக் கதி என்றால், தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் வளரும் தமிழ்ப் பிள்ளையின் சுமை சிறியதல்ல. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம். 2020-ல் வந்த மாநிலச் சட்டப்படி மராத்தியும் கட்டாயம். நான்கு மொழியும் காதில் விழுகின்றன. ஒன்றையாவது சரளமாக வாசிக்கிறதா என்று பார்ப்பவர்தான் இல்லை.

மும்பை மாநகராட்சி தமிழ் உள்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. இப்படி ஒரு வசதி நாட்டில் வேறு எத்தனை நகரங்களில் உண்டு? தமிழில் படிப்பதா, ஆங்கிலத்தில் படிப்பதா என்பது அவரவர் குடும்பத்தின் முடிவு. எதில் படித்தாலும் வாசிக்கத் தெரிய வேண்டும். தெரிந்த மொழியில் வாசித்துப் பழகிய பிள்ளைக்கு அடுத்த மொழியின் எழுத்தும் சீக்கிரம் வசப்படும்.

இதே ஊர் காட்டிய வழி

வழி தெரியாமல் திகைக்க வேண்டியதில்லை. இந்த மும்பையே ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. 1990-களில் இங்கே தோன்றிய 'பிரதம்' அமைப்பு, 'பால்சகி' என்ற திட்டத்தை நடத்தியது. அந்தந்த வட்டாரத்து இளம்பெண்கள், மூன்றாம் நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே அழைத்து, தினமும் சுமார் இரண்டு மணி நேரம் அடிப்படைப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். மும்பையிலும் வதோதராவிலும் 2001 முதல் 2003 வரை இதை ஆராய்ந்தபோது, பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது தெரிந்தது. ஆராய்ந்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் 2019-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றனர்.

அதில் மந்திரம் ஒன்றுமில்லை. பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்று பார்க்காமல், எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்தார்கள். அவ்வளவுதான்.

ஒரு பள்ளி முழுவதற்கும் இலக்கு வைப்பதென்றால் இப்படித்தான் வைக்க வேண்டும். ஜூனில் பள்ளி திறந்ததும் ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். எழுத்து, சொல், பத்தி, கதை என்று நான்கு படி போதும். தீபாவளிக்குள் ஒவ்வொருவரும் ஒரு படியாவது ஏற வேண்டும். மொழி ஆசிரியர் மட்டுமல்ல, கணக்கு ஆசிரியரும் தலைமை ஆசிரியரும் சேர்ந்து இழுத்தால்தான் தேர் நகரும்.

பரிசு கொடுத்தால் படிப்பார்களா?

அதிகப் புத்தகம் படித்தவருக்குப் பரிசு என்று சில பள்ளிகள் அறிவிக்கின்றன. நோக்கம் நல்லது. ஆனால் எண்ணிக்கைக்குப் பரிசு என்றால் பிள்ளைகள் ஒல்லியான புத்தகமாகப் பொறுக்கி, பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கணக்குக் காட்டுவார்கள். அமெரிக்காவில் 1973-ல் வெளியான ஓர் ஆய்வு, ஏற்கெனவே படம் வரைவதில் ஆசையுள்ள சிறு பிள்ளைகளிடம் "வரைந்தால் பரிசு" என்று சொல்லிப் பார்த்தது. பின்னர் பரிசுப் பேச்சில்லாத நாட்களில், அந்தப் பிள்ளைகள் வரைவது மற்றவர்களைவிடக் குறைந்துபோனது. கூலிக்குச் செய்த வேலை, கூலி நின்றதும் நின்றுவிடும்!

வாசிக்கும் பிள்ளைக்குத் தேவை விருப்பமான புத்தகம், தினமும் அரை மணி நேரம், "கதையில் அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்க ஓர் ஆள். அப்துல் கலாமின் பிறந்த நாளான அக்டோபர் 15-ஐ வாசிப்பு ஊக்க நாளாக மகாராஷ்டிர அரசு 2015-ல் அறிவித்தது. சிறு வயதில் இராமேசுவரத்தில் நாளிதழ் விநியோகத்துக்குத் துணை நின்ற ஒரு தமிழரை இம்மாநிலம் இப்படிக் கௌரவிப்பது பெருமைதான். ஆனால் அன்று ஒரு நாள் மட்டும் அலமாரியைத் திறந்துவிட்டு மறுநாள் பூட்டினால் அது விழாவே தவிர வாசிப்பு அல்ல.

பெற்றோர் கையில் சட்டம்

2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. அதில் நாளிதழ், பத்திரிகை, கதைப் புத்தகம் எல்லாம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதே சட்டப்படி, தனியார் சுயநிதிப் பள்ளிகள் தவிர மற்றவற்றில் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், வந்த நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை.

ஷிப்ட் முடிந்து, லோக்கல் ரயிலில் நசுங்கி வீடு திரும்பும் தொழிலாளிக்குக் கூட்டத்துக்குப் போக நேரம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒருவர் போக முடியாதபோது இன்னொருவர் போகலாம். மனைவி போகலாம். நான்கு குடும்பங்கள் முறைவைத்துக் கொள்ளலாம். போய்க் கேட்க வேண்டியது மூன்றே கேள்விகள்: எத்தனை பிள்ளைகள் சரளமாக வாசிக்கிறார்கள்? வாசிப்புக்கு எந்த மணி நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள்? நூலக அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது?

வீட்டிலும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் பிள்ளை உரக்க வாசிக்கட்டும். எழுத்தறியாத தாயும் உட்கார்ந்து கேட்கலாம். எங்கே தடுமாறுகிறது என்பது காதுக்கே தெரிந்துவிடும். அந்தப் பத்து நிமிடம் டி.வி.யும் செல்போனும் ஓய்வெடுத்தால் குடி முழுகிவிடாது.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்ல நிலமோ நீச்சோ இல்லை. படிப்பு ஒன்றுதான் சொத்து. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அந்தச் சொத்தின் பத்திரம் என்றால், வாசிப்புதான் நிலம். நிலமில்லாமல் வெறும் பத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் எந்தத் தேதியில் என்று பெற்றோர் இன்றே பள்ளியில் விசாரிக்க வேண்டும்.