பழுது நீக்குவதா, புதிது வாங்குவதா?

பண்டிகைக் காலம் நெருங்கினால் நாளிதழ்களின் முழுப்பக்க விளம்பரங்களில் 'எக்ஸ்சேஞ்ச்' என்ற சொல் தவறாமல் இடம்பெறுகிறது. ஓடாத சலவை இயந்திரத்தைக் கொடுத்தாலும் ஓரிரு ஆயிரம் ரூபாய் கழிவு உண்டு என்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் குளிரூட்டிகளுக்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கும் சரக்கு, சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. அதன்பின், பழைய பொருளை வைத்துக்கொண்டிருப்பதே அறியாமை என்னும் தொனி விளம்பரங்களில் கூடியிருக்கிறது. எதிர்முனையில், "அந்தக் காலத்துப் பொருள்தான் பொருள், இப்போது வருவதெல்லாம் வெறும் தகரம்" என்று சொல்லும் என் வயதினர் இருக்கிறார்கள். இரு தரப்பினருமே கணக்குப் போட்டுப் பார்த்துப் பேசுவதாகத் தெரியவில்லை.

பழுதுநீக்கம் ஏன் ஆண்டுக்கு ஆண்டு கட்டுப்படியாகாமல் போகிறது? அமெரிக்கப் பொருளியல் அறிஞர் வில்லியம் பௌமால் 1960-களில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். நால்வர் சேர்ந்து வாசிக்கும் இசைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பும் நால்வர்தான் தேவைப்பட்டனர், இன்றும் நால்வர்தான் தேவை. ஆனால், தொழிற்சாலையில் ஒரு பொருளைச் செய்யத் தேவைப்படும் உழைப்போ குறைந்துகொண்டே வருகிறது. மின்விசிறியை உற்பத்தி செய்வது முன்னிலும் மலிவாகிவிட்டது. அதைக் கழற்றி, காயிலைப் பிரித்து, மறுபடி சுற்றி மாட்டுவதற்கு முன்பு ஆன நேரம்தான் இன்றும் ஆகிறது. அந்த நேரத்துக்கான கூலி மட்டும் நாட்டின் பொதுவான ஊதிய நிலையோடு சேர்ந்து உயர்கிறது. ஈயம் பூசுபவரும் குடை தைப்பவரும் அம்மி கொத்துபவரும் நம் தெருக்களிலிருந்து மறைந்ததற்கு நம்முடைய ஆடம்பரம் மட்டும் காரணமன்று. அவர்களுடைய பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல கூலி தரும் வேலைகள் கிடைத்தன என்பதும் ஒரு காரணம். அதற்காக நான் வருந்தமாட்டேன்.

ஆனால் எல்லாமே இப்படி இயல்பாக நடந்தவை அல்ல. 1924-இல் உலகின் முன்னணி மின்விளக்கு நிறுவனங்கள் ஜெனீவாவில் கூடி ஃபீபஸ் என்ற கூட்டமைப்பை உருவாக்கின. குமிழ் விளக்கின் ஆயுளை 1,000 மணி நேரமாகக் குறைப்பது அவற்றின் உடன்பாடுகளில் ஒன்று. அதற்குமேல் எரியும் விளக்கைத் தயாரித்த உறுப்பினருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. இன்று இத்தகைய ரகசிய உடன்பாடுகளுக்குத் தேவையே இல்லை. பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிவிடலாம், சாதாரணத் திருப்புளிக்கு அடங்காத திருகுகளை முடுக்கலாம், ஒரு சிறு பாகம் கெட்டாலும் முழுப் பலகையையும் மாற்றினால்தான் ஆயிற்று என்று சொல்லலாம்.

இதில் மூன்றாவதை நானே அனுபவித்திருக்கிறேன். ஏழு ஆண்டுகள் உழைத்த எங்கள் வீட்டுச் சலவை இயந்திரம் ஒருநாள் நின்றுபோனது. மோட்டாரும் டிரம்மும் நன்றாக இருந்தன. கெட்டது கட்டுப்பாட்டுப் பலகை. நிறுவனத்தின் சேவை மையம் கேட்ட தொகை புதிய இயந்திரத்தின் விலையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு. பக்கத்துத் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பவர் அந்தப் பலகையில் இருந்த ஒரு ரிலேயை மட்டும் மாற்றி 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். இரண்டு ஆண்டுகளாக இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாப் பழுதும் இவ்வளவு எளிதாகத் தீரும் என்று நான் சொல்லவில்லை. எனினும், ரிலேயின் விலைக்கும் பலகையின் விலைக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கூலி உயர்வால் விளக்கிவிட முடியாது.

அந்தத் தெருமுனைக் கடைக்குப் பலர் போகத் தயங்குவதற்கும் பொருளியலில் விளக்கம் உண்டு. பழைய கார் சந்தையைப் பற்றி ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரை (2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க இதுவே முதன்மைக் காரணம்) சொல்வது இதுதான்: விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, அவநம்பிக்கையால் நல்ல சரக்கும் சந்தையைவிட்டு விலகிவிடும். பழுதுபார்ப்பவர் உண்மையிலேயே கண்டென்சரை மாற்றினாரா, துடைத்து மாட்டினாரா என்று நமக்குத் தெரியாது. அந்த ஐயத்தால்தான் இரண்டாயிரம் ரூபாய்ப் பழுதுக்குப் பயந்து இருபதாயிரம் ரூபாய்க்குப் புதிது வாங்குகிறோம். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுத்து, மூன்று மாத உத்தரவாதத்தைச் சீட்டில் எழுதித் தரும் கடைக்காரர் இந்த அவநம்பிக்கையை வெகுவாகக் குறைத்துவிடுவார். நல்ல தொழிலாளிக்கு இதில் இழப்பு ஏதுமில்லை.

எதைச் சரிசெய்வது, எதை மாற்றுவது என்பதற்கு எல்லாப் பொருள்களுக்கும் பொதுவான விடை கிடையாது. மிக்ஸியில் பெரும்பாலும் தேய்வது கார்பன் பிரஷ்ஷும் கப்ளரும்தான். கிரைண்டரில் பெல்ட், குக்கரில் கேஸ்கட்டும் வால்வும். இவற்றின் விலை பொருளின் விலையில் மிகச் சிறு பங்கு. நாளொன்றுக்குப் பத்து நிமிடம் ஓடும் மிக்ஸி எவ்வளவு புதியதானாலும் மின்கட்டணத்தில் மிச்சப்படுத்தப்போவது ஒன்றுமில்லை. இங்கே பழுது நீக்குவதே சரி. நாள் முழுதும் ஓடும் குளிர்சாதனப் பெட்டியின் கதை வேறு. ஆற்றல் திறனுக்கான நட்சத்திர அளவுகோலை அரசு அவ்வப்போது கடுமையாக்கி வருவதால், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஐந்து நட்சத்திரம் இன்றைய ஐந்து நட்சத்திரம் ஆகாது. கம்ப்ரஸரே போய்விட்ட மிகப் பழைய பெட்டிக்குப் பல ஆயிரம் செலவிடுமுன் மின்கட்டணச் சீட்டையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

மின்விசிறியைச் சற்று விரிவாகப் பார்ப்போம். பழைய வகை விசிறி ஏறக்குறைய 75 வாட் மின்சாரம் இழுக்கிறது. பி.எல்.டி.சி. மோட்டார் பொருத்திய புதிய வகைக்கு 30 வாட் போதும். நாளுக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள்கள் ஓடினால் 162 யூனிட் மிச்சமாகும். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 810 ரூபாய். 8 ரூபாய் என்றால் 1,296 ரூபாய். புதிய விசிறியின் விலையை 3,000 ரூபாய் எனக் கொண்டால் முதலாமவருக்கு நான்கு ஆண்டுகளுக்குள்ளும் இரண்டாமவருக்கு இரண்டரை ஆண்டுகளுக்குள்ளும் போட்ட பணம் திரும்பிவிடும். இதில் கவனிக்க வேண்டியது சராசரிக் கட்டணத்தை அன்று; கடைசியாகச் செலவழிக்கும் யூனிட்டின் கட்டணத்தை. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம். அந்த வரம்பைத் தாண்டாத குடும்பத்துக்கு 162 யூனிட் மிச்சத்தின் பணமதிப்பு சுழியம். ஆக, கட்டணம் மிகுந்த மேல் அடுக்கில் இருக்கும் வீட்டில் நன்றாக ஓடும் பழைய விசிறியை மாற்றுவதுகூட லாபம். இலவச வரம்புக்குள் வாழும் வீட்டிலோ கெட்டுப்போன விசிறியையும் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் கண்டென்சரைப் போட்டு ஓட்டுவதுதான் லாபம். கையில் பணமிருப்பவரைப் பார்த்துப் பணமில்லாதவரும் புதிது வாங்கினால் நட்டம் இரண்டாமவருக்கே.

ஆனால் அந்த இலவச யூனிட்டுக்கு அரசு மானியம் தருகிறது. அந்த வீட்டு விசிறி திறன் மிக்கதானால் மிச்சம் அரசுக்குத்தான். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் வழங்கத் தொடங்கியதே, அத்தகைய முயற்சியை இன்று திறன்மிகு விசிறிகளுக்கு மட்டும் என்று சுருக்கிச் செய்தால் மானியச் செலவில் ஒரு பகுதி திரும்பிவரும். 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மொத்தக் கொள்முதலால் எல்.இ.டி. விளக்கின் விலை சரிந்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

மீதமிருப்பது கொள்கை. வாங்கிய பொருளைப் பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு குழுவை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் வந்தது. பின்னர் கைப்பேசி, மின்னணுப் பொருள்களுக்கான 'பழுதுநீக்கத் தகுதிக் குறியீடு' பற்றி ஆராய்ந்த மற்றொரு குழு 2025 மே மாதம் அறிக்கை அளித்தது. எளிதாகக் கழற்ற முடிகிறதா, உதிரிபாகம் உரிய காலத்தில் கிடைக்கிறதா, பழுதுநீக்கத் தகவல்கள் வெளியிடப்படுகின்றனவா என்பவற்றைக் கொண்டு மதிப்பெண் தரும் ஏற்பாடு இது. பிரான்ஸ் 2021 ஜனவரியிலேயே இத்தகைய குறியீட்டைத் தொடங்கி, சலவை இயந்திரத்தையும் தொலைக்காட்சியையும் அதில் சேர்த்தது. அங்கு உதிரிபாகத்தின் விலை தனியொரு அளவுகோல். நம் குறியீட்டிலும் அதற்கு முதலிடம் தர வேண்டும் என்பேன். பாகம் கிடைக்கும், ஆனால் பொருளின் விலையில் பாதி ஆகும் என்றால், அது கிடைக்காததற்குச் சமம்.

வரியிலும் ஒரு கோணல் இருக்கிறது. புதிய குளிர்சாதனப் பெட்டிக்கு 18 விழுக்காடு வரி. பதிவு பெற்ற சேவை மையம் அதைப் பழுதுபார்த்தாலும் 18 விழுக்காடு. ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு கடைக்காரர் வரி வசூலிக்க வேண்டியதில்லைதான். ஆனால் உதிரிபாகத்துக்குக் கட்டிய வரியை அவரால் திரும்பப் பெற முடியாது. ஸ்வீடன் 2017-இல் மிதிவண்டி, காலணி, ஆடை ஆகியவற்றைப் பழுதுபார்ப்பதற்கான வரியை 25 விழுக்காட்டிலிருந்து 12 ஆகக் குறைத்தது. நாமும் பழுதுநீக்கச் சேவையையும் உதிரிபாகங்களையும் 5 விழுக்காட்டு அடுக்குக்குக் கொண்டுவரலாம். உலகம் 2022-இல் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உருவாக்கி, அதில் 22.3 விழுக்காட்டை மட்டுமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்தது என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை. அந்தக் குவியலோடு ஒப்பிட்டால் வரி இழப்பு பெரிதன்று.

குறியீட்டு மதிப்பெண்ணை உற்பத்தியாளரே அறிவித்துக்கொள்ளலாம் என்பது குழுவின் பரிந்துரை. எனக்கு இதில் தயக்கம் உண்டு. நட்சத்திரக் குறி ஒட்டிய பொருள்களைச் சந்தையிலிருந்து எடுத்துச் சோதிக்கும் வழக்கம் ஆற்றல் திறன் பணியகத்திடம் இருக்கிறது. பழுதுநீக்கக் குறியீட்டுக்கும் அதே ஏற்பாடு வேண்டும்; சோதனை முடிவுகளை நிறுவனத்தின் பெயரோடும் மாடலின் பெயரோடும் வெளியிடவும் வேண்டும். கைப்பேசியோடு நின்றுவிடாமல், அடுத்த கட்டமாகச் சலவை இயந்திரத்தையும் குளிரூட்டியையும் அதில் சேர்க்க வேண்டும்.