ஏழை மாணவனுக்கு ஏற்ற லென்சு

“கையில் காசில்லாதவனுக்குப் புகைப்படக்கலை எதற்கு?” என்று கேட்போர் நம் கல்லூரி வளாகத்திலும் இருக்கின்றனர். அவர்களுக்கு விடை கூறுவது என் நோக்கமன்று. காசில்லாமலே இக்கலையில் இறங்கிவிட்ட என்னைப் போன்றோர், சிறுகச் சிறுகச் சேர்த்த தொகையை எந்த லென்சில் போடுவது என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். என் கருத்து சிலருக்குக் கசக்கலாம்.

நம்மில் பலரிடம் இருப்பது கைமாறி வந்த காமிராவும், அதனோடு ஒட்டிக்கொண்டு வந்த 18–55 ஜூம் லென்சுந்தான். அடுத்த லென்சு என்றவுடன் நண்பர்களின் ஆசை 70–300 போன்ற டெலி லென்சின் மேல் பாய்கிறது. காரணம் யாது? அது நீளமாக இருக்கிறது. கழுத்தில் தொங்கினால் நாலுபேர் திரும்பிப் பார்க்கிறார்கள்! இதற்காகத் தவணைக் கடன் வாங்கியோரையும் அறிவேன். உதவித்தொகை வரும் நாளை எண்ணிக் காத்திருக்கும் மாணவன் மாதத் தவணைக்குத் தலை கொடுப்பது தகுமா? தகாது என்பதே என் துணிபு. அவன் வாங்க வேண்டியது 50 மி.மீ., எஃப் 1.8 லென்சு. பழையதாக வாங்கினால் கடனின்றியே முடியும்.

நாம் படமெடுக்க விரும்பும் இடங்களின் வெளிச்சத்தை எண்ணிப் பாருங்கள். பகல் வெயிலில் எந்த லென்சும் வேலை செய்யும். இரவுத் தெருக்கூத்து, கலையரங்க நாடகம், அடுப்படியில் பாட்டி, இவையெல்லாம் அப்படியா? எங்கள் வீட்டில் குழித்தறி உண்டு. அப்பாவின் தலைக்கு மேலே ஒரேயொரு பல்பு. ஜூம் லென்சை 55இல் வைத்தால் அதன் துளை எஃப் 5.6க்கு மேல் விரியாது. அந்த வெளிச்சத்தில் ஷட்டர் ஆறில் ஒரு பங்கு நொடி திறந்திருந்தால்தான் படம் விழும். அதற்குள் நாடா ஓடிவிடும். அப்பாவின் கை கலங்கிய நிழலாகிவிடும். எஃப் 1.8 ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. அறுபதில் ஒரு பங்கு நொடி போதும். கை நரம்பும் தெரிகிறது.

கணக்கும் எளிதே. குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் வரும். 50ஐ 1.8ஆல் வகுத்தால் சுமார் 28 மி.மீ.; பத்து ரூபாய் நாணயத்தின் அகலம். 55ஐ 5.6ஆல் வகுத்தால் 10 மி.மீ. கூட இல்லை, சட்டைப் பொத்தான்!

“ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தலாமே” என்பர் பௌதிகத் துறை நண்பர்கள். உயர்த்தலாம், பழைய காமிராவில் படம் மணல் தூவியது போலாகும். பிளாஷ் அடித்தாலோ கூத்துக் கலைஞரின் கண் கூசும், அரிதாரமும் வெளிறிப்போகும்.

இந்த லென்சுக்கும் குறை உண்டு. நம் காமிராக்களின் சிறிய சென்சாரில் 50 மி.மீ. லென்சு 75 அல்லது 80 மி.மீ. போலக் குறுகிய கோணத்தையே காட்டும். சிறு வீட்டில் முதுகு சுவரில் இடிக்கும். வகுப்புக் குழுப்படத்திற்குப் பழைய 18–55தான் கை கொடுக்கும். பிரெஞ்சுக் கலைஞர் கார்த்தியே-பிரெசோன் பெரும்பாலும் 50 மி.மீ. லென்சையே நம்பினார். 1948 ஜனவரி 30இல் காந்தியடிகளை அவர் இறப்பதற்குச் சற்றுமுன் சந்தித்தவர் அவர். ஆனால் அவர் 35 மி.மீ. பிலிமில் கண்ட கோணம் நமக்கு வேண்டுமாயின் 35 மி.மீ. லென்சு தேவை. இடம் குறுகிய வீட்டுக்காரர்கள் அதையே தேடலாம்.

பழைய லென்சு வாங்குவோர் டார்ச் விளக்கைப் பின்புறமிருந்து அடித்துப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை போல் இழை தெரிந்தால் அது பூசணம். எத்தனை மலிவானாலும் வேண்டாம். நிக்கான் டி 3000, டி 5000 வரிசைக் காமிராக்களுக்குள் குவிய மோட்டார் கிடையாது. ‘டி’ வகை 50 மி.மீ. லென்சை அவற்றில் பொருத்தினால் கையால்தான் திருக வேண்டும். 2011இல் வந்த ‘ஜி’ வகையில் மோட்டார் லென்சுக்குள்ளேயே இருக்கிறது. வாங்கியதைத் துணிப்பையில் வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது நலம். நம்மூர் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்க அதிக நாள் ஆகாது.

டெலி லென்சே வேண்டாம் என்று நான் கூறவில்லை. வேடந்தாங்கலுக்குச் செல்லும் விலங்கியல் மாணவர்க்கு அது இன்றியமையாதது. விளையாட்டு விழாவிலும் வேண்டும். ஆயினும் ஆண்டில் நான்கு நாள் தேவைப்படும் பொருளை ஆளுக்கொன்றாய்க் கடனில் வாங்குவானேன்? மாணவர் மன்ற நிதியில் பழைய டெலி லென்சு ஒன்றை வாங்கி, நூலகப் புத்தகம் போல் கையெழுத்து வாங்கிக்கொண்டு இரவல் தரலாம். பேராசிரியப் பெருமக்கள் அடுத்த மன்றக் கூட்டத்தில் இதனை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பதிவேடு எழுதும் பொறுப்பை ஏற்க நான் அணியமாக இருக்கிறேன்.