கியூஆர் கோடு ஒட்டிவிட்டு போன் பேசாதே என்றால் எப்படி?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பெட்ரோல் பங்க் வரிசையில் என் ஸ்கூட்டியோடு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் பைக்கில் ஒருவர். வண்டியை விட்டு இறங்கவில்லை, காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிப் பேசிக்கொண்டிருந்தார். பெட்ரோல் போடுகிற பையன், "சார், போனை உள்ள வச்சிருங்க" என்றான். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பம்புலயே கியூஆர் கோடு ஒட்டி வச்சிருக்கீங்க. அதைக் கண்ணாலயா ஸ்கேன் பண்றது? சொல்ல வந்துட்டான்!" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

என் முறை வந்தபோது நிமிர்ந்து பார்த்தவன், "டீச்சர்!" என்றான். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன்.

"அவர் கேட்டதுக்கு ஏம்ப்பா பதில் சொல்லல?"

"எனக்கே தெரியாது டீச்சர். போர்டுல போட்டிருக்கு. மேனேஜர் சொல்லச் சொன்னார், சொல்றேன்."

வீடு வந்து சேரும்வரை மனசு உறுத்தியது. அவன் தப்பு இல்லை. போனிலிருந்து வரும் அலை பெட்ரோலைப் பற்றவைத்துவிடும் என்று வகுப்பில் சொன்னவளே நான்தான். எங்கோ படித்ததை அப்படியே ஒப்பித்தேன். விதி சரி, நான் சொன்ன காரணம் சரியில்லை. காரணம் தப்பாக இருந்தால், கியூஆர் கோடு மாதிரி ஒரு கேள்வி வந்ததும் விதியும் சேர்ந்து கேலிப்பொருளாகிவிடும். ஆகவே அந்தப் பையனுக்குத் தர வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

பெட்ரோல் வாயுவைப் பற்றவைக்க மிகச் சிறிய தீப்பொறி போதும். பங்குகளில் அந்தப் பொறி நம் உடம்பிலிருந்தே வரலாம். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளைத் தூக்கிக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? அதே நிலைமின்சாரம்தான். சீட்டில் உரசி எழும்போது உடம்பில் மின்னூட்டம் சேர்கிறது. அந்தக் கையால் டேங்க் வாயருகே உலோகத்தைத் தொட்டால் பொறி பறக்கலாம். அமெரிக்காவில் பெட்ரோலியம் எக்விப்மென்ட் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு பங்க் தீ விபத்துகளைத் தொகுத்துப் பார்த்தது. நிலைமின்சாரத்தால் நேர்ந்தவை வரிசையாக வந்தன. போன்தான் காரணம் என்று ஒன்றுகூட உறுதிப்படவில்லை.

அப்படியானால் பேசலாமா? கூடாது. நம் கையிலிருக்கும் போன், எரியும் வாயு இருக்கும் இடத்துக்கென்று சோதித்துத் தயாரித்தது அல்ல. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் இதற்கென்றே பொறி எழாதபடி தயாரித்துச் சான்று பெற்ற போன்கள் உண்டு, சாதாரண போனை உள்ளே விடமாட்டார்கள். கீழே விழுந்து அடிபட்ட போன், உப்பிப்போன பேட்டரி எல்லாம் எப்போது என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைவிடப் பெரியது கவனம். பேச்சு மும்முரத்தில் இன்ஜினை அணைக்க மறப்போம், டேங்க் வழிவதைப் பார்க்க மாட்டோம்.

ஆகவே வண்டியை அணைத்து, கீழே இறங்கி நின்று, போனைப் பைக்குள் வையுங்கள். கேனில் வாங்கினால் கேனைத் தரையில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும், வண்டிமேல் வைத்து அல்ல. பணம் கட்டுவதற்குப் பெட்ரோல் போட்டு மூடிய பிறகு, தள்ளி வந்து போனை எடுங்கள்.

பங்க் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த பைக்காரர் கத்தியது தப்பு, ஆனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பம்பின்மேலேயே கியூஆர் கோடு ஒட்டிவிட்டு அதன் பக்கத்திலேயே "போன் கூடாது" என்று எழுதினால் எந்தப் பிள்ளை மதிக்கும்? அந்த அட்டையைப் பம்பை விட்டுத் தள்ளி, ஆபீஸ் பக்கம் வைப்பதற்கு என்ன செலவாகிவிடும்? விதி போடுகிறவர்கள் முதலில் அதை நம்ப வேண்டும்.

அடுத்தது நம் வட்டாரத்துப் பட்டாசு ஆலைகள். வாசலில் போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள் என்று என் பழைய மாணவிகள் சிலர் குறைப்பட்டார்கள். "பிள்ளைக்குக் காய்ச்சல்னா எப்படி டீச்சர் தெரியும்?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அங்கே மருந்துக்கு உரசல், அடி, நிலைமின்சாரம் எதுவுமே ஆகாது. அதனால்தான் பருத்தி உடை, அறை வாசலில் கை வைத்துவிட்டு நுழைய உலோகத் தகடு. அந்த அறையில் பேட்டரி உள்ள பொருளுக்கு இடம் கிடையாது. போனை விடுங்கள் என்று கேட்பதைவிட, ஆலை ஆபீசில் ஒரு போன் வைத்து, வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் உடனே ஆளனுப்பிச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். அன்றுதான் சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் வெடிவிபத்து. சுமார் 40 உயிர்கள் போயின. அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே இல்லை. முதலில் எழுந்த புகையைப் பார்த்து உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடியவர்கள் அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். அந்த நாளுக்குப் பிறகு ஆசிரியர் தின வாழ்த்து வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் புகைதான் நினைவுக்கு வரும். இன்றைக்கு அப்படி ஒன்று நடந்தால், ஆளுக்கொரு போனோடு வீடியோ எடுக்க ஓடுவோம் என்பதே என் பயம். ஆபத்தான இடத்தில் போன் செய்யும் பெரிய கெடுதல் அலையோ பொறியோ அல்ல, தள்ளி நிற்க வேண்டியவனைக் கிட்டே இழுப்பதுதான். புகையைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் ஓடுங்கள். தூரம் வந்தபின் தீயணைப்புத் துறைக்கு அழையுங்கள். போன் அதற்குத்தான்.

வீட்டில் கேஸ் வாடை வந்தாலும் இதே ஒழுங்குதான். லைட் சுவிட்சைத் தொடாதீர்கள், போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு கசிவைத் தேடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906 எண்ணுக்கு அழையுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும்.

கடைசியாக ஆஸ்பத்திரி. எங்கள் சின்ன அண்ணனுக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. மகன் ஆசையாக வாங்கித் தந்த புதுப் போனை இடது சட்டைப் பையில் வைத்திருந்தார். பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் பார்த்து, "முதல்ல அதை அங்கிருந்து எடுங்க" என்றாராம். இப்போதைய சில போன்களில் சார்ஜருக்காகக் காந்தம் வைக்கிறார்கள். பேஸ்மேக்கர்மேல் காந்தம் நெருங்கினால் அது வழக்கமான வேலையை விட்டு வேறு நிலைக்கு மாறும். அதிர்ச்சி கொடுத்து உயிர் காக்கும் கருவி என்றால், காந்தம் அருகில் இருக்கும்வரை அது சும்மா இருந்துவிடலாம். காந்தத்தை எடுத்தால் சரியாகிவிடும். ஐபோன் 12 அப்படிச் செய்வதை 2021இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். 15 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் போதும். கருவி பெரும்பாலும் இடது தோள்பட்டைக்குக் கீழே இருப்பதால், வலது காதில் பேசுங்கள், போனைப் பேன்ட் பையில் வையுங்கள். ஜாக்கெட்டுக்குள் போனைச் செருகும் பழக்கமுள்ள நம் வீட்டுப் பெண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எம்ஆர்ஐ அறையில் காரணம் வேறு. அங்கே காந்தம் ஸ்கேன் எடுக்காதபோதும் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். வழக்கமான 1.5 டெஸ்லா கருவியின் விசை பூமியின் காந்தப் புலத்தைப் போல் சுமார் 30,000 மடங்கு. 2018 ஜனவரியில் மும்பையில் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு உள்ளே போன ஓர் இளைஞர் சிலிண்டரோடு இழுக்கப்பட்டு உயிரிழந்தார். "சைலன்ட்ல போட்டுட்டேன்" என்பது அங்கே செல்லாது. நர்ஸ் வெளியே வைக்கச் சொன்னால் வைத்துவிட்டுப் போங்கள்.

பாருங்கள், ஒரே "போன் கூடாது" போர்டுதான். ஒரு இடத்தில் பொறி, ஒரு இடத்தில் காந்தம், எல்லா இடத்திலும் கவனம். காரணம் தெரிந்தவனுக்கு போர்டே வேண்டாம்.

அந்தப் பையனிடம் மறுபடி போவேன். இதையெல்லாம் சொல்லி, தப்பாகச் சொல்லிக்கொடுத்ததற்கு வருத்தமும் சொல்வேன். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பங்கிலோ ஆலை வாசலிலோ ஆஸ்பத்திரியிலோ ஒரு பையன் "போனை உள்ளே வையுங்கள்" என்றால், அவனை அவமானப்படுத்தாதீர்கள். உங்களைப் போலவே அவனும் யாரோ ஒரு டீச்சரின் பிள்ளை. அந்தத் தீப்பொறிக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்பவனும் அவன்தான்.

வாழ்க நலமுடன்.
அன்புடன், உங்கள் டீச்சர்