கொய்யாவும் அதன் விதையும்

பெட்டியில் அடுக்கி, மேலே பளபளக்கும் தாள் ஒட்டி விற்கும் ஸ்ட்ராபெரிக்கு நம் வீடுகளில் இருக்கும் மரியாதை தள்ளுவண்டிக் கொய்யாவுக்கு இல்லை. முன்னது விருந்தினருக்கு; பின்னதோ, "சளி பிடிக்கும், தொடாதே" என்று விலக்கப்படுவது. இந்தப் பாகுபாடு நியாயமானதன்று என்பது மேனிலை வகுப்பு மாணவியரான எங்கள் கருத்து. பெற்றோரும் அருட்சகோதரியரும் சற்றுப் பொறுமையுடன் செவிமடுக்க வேண்டுகிறோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். கடைக்காரர் பெர்ரி என்பது வேறு, தாவரவியலார் பெர்ரி என்பது வேறு. ஒரு பூவின் ஒரே சூலகம் சதைப்பற்றுடன் கனிந்து, விதைகளைத் தன்னுள்ளே வைத்திருந்தால் அது பெர்ரி. அந்தக் கணக்கில் திராட்சை, தக்காளி, மணத்தக்காளி, கத்தரி, மிளகாய் யாவும் பெர்ரிகளே; கொய்யாவும் அந்த இனமே. ஸ்ட்ராபெரியோ அவ்வினம் அன்று! அதன் சிவந்த சதை பூத்தளம் பருத்து உண்டானது. மேலே விதை போலத் தோன்றும் புள்ளி ஒவ்வொன்றும் தனித்தனிக் கனி. மிளகாயையும் எளிதாக எண்ண வேண்டாம். ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஆல்பர்ட் செண்ட்-ஜியார்ஜி வைட்டமின் சி-யை மிகுதியாகப் பிரித்தெடுத்தது மிளகாய் இனத்துப் பாப்ரிகாவிலிருந்துதான். 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் இது 54. அதாவது குறையவில்லை, கூடியிருக்கிறது. காலை வழிபாட்டில் நிற்கும்போது மயங்கி விழும் தோழியரையும், இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும் தோழியரையும் நாம் பார்க்கவில்லையா? "சாப்பிடாமல் வந்திருப்பாள்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறோம்.

கீரையிலும் கேழ்வரகிலும் பருப்பிலும் இரும்புச்சத்து உண்டு. ஆயினும் தாவர உணவிலுள்ள இரும்பை நம் குடல் எளிதில் ஏற்பதில்லை. பெரும்பகுதி வீணாகவே வெளியேறுகிறது. அதே வேளை உணவில் வைட்டமின் சி இருந்தால், அது இரும்பைக் குடல் உறிஞ்சக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. உணவோடு பருகும் தேநீரோ இதற்கு நேர்மாறாக இரும்பைத் தடுக்கிறது. ஆகவே என்ன சாப்பிடுகிறோம் என்பதோடு எதனுடன் சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். 100 கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மி.கி. வைட்டமின் சி இருக்கிறது. ஸ்ட்ராபெரியில் ஏறத்தாழ 60. ஆரஞ்சில் 50 அளவு. எங்கள் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 70 மி.கி. என்றால், அரைப் பழமே போதும்! நெல்லிக்காய் இதிலும் மேல் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தினமும் ஒரு நெல்லிக்காயைக் கடித்துத் தின்னும் மாணவியைக் காட்டுங்கள் பார்ப்போம்.

விதையைப் பற்றித்தான் வீடுகளில் பெரிய அச்சம். "கொட்டையை விழுங்கினால் குடல்வாலில் போய் அடைத்துக்கொள்ளும்" என்று பாட்டி சொல்லாத வீடு உண்டோ? குடல்வால் அழற்சிக்குப் பெரும்பாலும் காரணம் இறுகிய மலமோ, உட்புறத் திசுக்களின் வீக்கமோதான். பழ விதையால் வருவது மிக மிக அரிது. கொய்யா விதையை விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். மென்று தின்றால் அதன் நார் மலச்சிக்கலைப் போக்க உதவும். நூறு கிராம் பழத்தில் 5 கிராமுக்குக் குறையாத நார் உண்டு. அதில் ஒரு பங்கு இந்த விதைகளுடையது. விதையைச் சுரண்டி எறிந்துவிட்டுக் கடையில் நார்ச்சத்துப் பொடி வாங்குவது என்ன கணக்கோ, எங்களுக்கு விளங்கவில்லை. சளியும் அப்படித்தான். அது கிருமியால் தொற்றுவது, கொய்யாவால் வருவது அன்று.

இதற்காக விதையைப் பற்றிச் சொல்வதையெல்லாம் நம்பிவிடவும் கூடாது. நாவல் கொட்டைப் பொடியை நம்பிச் சர்க்கரை நோய் மருந்தை நிறுத்திவிடும் பெரியவர்கள் உண்டு. விலங்குகளில் செய்த சோதனைகளில் அப்பொடியால் இரத்தச் சர்க்கரை குறைந்தது உண்மை. மருத்துவர் தரும் மருந்துக்கு அது ஈடாகாது. வீட்டில் அப்பாவோ தாத்தாவோ இப்படிச் செய்தால், தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

அருட்சகோதரியரிடம் எங்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை வழங்கும் நாளிலாவது மதிய உணவோடு ஒரு துண்டு கொய்யா கிடைக்கும்படி செய்யலாகாதா? பழனிக்கு அருகே ஆயக்குடிப் பக்கம் விளையும் கொய்யா நம் சந்தைகளுக்கு மூட்டை மூட்டையாக வருகிறது. பிஸ்கட் பொட்டலத்தைவிடப் பெரிய செலவாகாது. வாசலில் விற்கும் வெட்டிய பழத்தில் ஈயும் புழுதியும் இருப்பதால் அதை வாங்க அனுமதிப்பதில்லை என்பது சரியே. முழுப்பழமாக வாங்கிக் கழுவிக் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. தாய்மார்களே, டிபன் பெட்டியில் ஊறுகாய் வைக்கும் மூலையில் இரண்டு துண்டு வையுங்கள். உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுக்கொள்ளக் கேட்போம். ஒரு சிட்டிகை போதும், விதையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.