மூக்கு நீள வெற்றி

கம்மாபுரம் பக்கம் பத்திரம் ஹெக்டேரில் இருந்தாலும் பேச்சு காணியில்தான். குதிரைப் பந்தயமும் அப்படியே. 12 ஃபர்லாங் ஓடிய டெர்பி இன்று 2,400 மீட்டர். ஜெயித்த இடைவெளி மட்டும் இன்னும் மூக்கு, தலை, கழுத்து, ஒரு குதிரை நீளம். உயரத்துக்குக் கை அளவு. ஒரு கை நாலு அங்குலம், அதுவும் தோள்மேடு வரைதான். தலையைத் தூக்கி ஏமாற்ற முடியாது, பாருங்கள்! இங்கே பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1தான் பிறந்தநாள். டிசம்பர் 31இல் பிறந்த குட்டிக்கு மறுநாளே ஒரு வயது. குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டு என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இருக்கலாம். கூலிக்காசை மடியில் கட்டிக்கொண்டு கிண்டி பந்தய மைதானத்துக்குப் போனவனுக்கு அந்தத் திறமை ஏது? 2024 செப்டம்பரில் அந்த மைதானத்தை அரசு எடுத்துக்கொண்டதில் எனக்கு வருத்தமில்லை.