அணிலை விடுங்க, ரிலேயைக் கேளுங்க

எங்க ஊர்ல (திருக்காட்டுப்பள்ளி) ஒரு மணி நேரம் கரண்ட் போனா போதும், இன்னைக்கும் யாராவது ஒருத்தர் அந்த அணில் ஜோக்கை எடுத்து விட்டுடறார். 2021 ஜூன்ல அப்போதைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி, மரக்கிளை கம்பியில படுற இடத்துல அணில் ஓடுது, அதனாலயும் கரண்ட் போகுதுன்னு விளக்கம் சொன்னார். அவ்வளவுதான், இணையமே சிரிச்சு உருண்டுச்சு. நம்ம பதிவுலக மக்கள் பல பேரு அதுல சதமே அடிச்சாங்க. சிரிங்க, தப்பில்ல. ஆனா கேக்க வேண்டிய கேள்வியை ஒருத்தரும் கேக்கலியேங்கறதுதான் என் எரிச்சல்.

அணிலால கரண்ட் போறது உலக நடப்பு சாமிகளா. 1987 டிசம்பர்ல அமெரிக்காவோட நாஸ்டாக் பங்குச்சந்தையையே ஒரு அணில் நிறுத்திச்சு. 1994ல இன்னொரு அணில் வந்து அதே வேலையைச் செஞ்சுது :-) கேள்வி என்னன்னா, அணில் விழுந்தப்ப எத்தனை ஊர் இருட்டாச்சு?

வயலுக்குப் போற வாய்க்கால்ல உடைப்பு எடுத்தா அந்த வாய்க்கால் மதகை இறக்குவோம். அதை விட்டுட்டு குடமுருட்டித் தலைப்பையே அடைச்சா ஊரே சண்டைக்கு வரும்ல? மின்சாரத்துலயும் அதேதான். ஒரு 11 கேவி ஃபீடர்ல அணில் விழுந்தா அந்த ஃபீடர் மட்டும் ட்ரிப் ஆகணும். துணை மின் நிலையமே மொத்தமா அணைஞ்சா தப்பு அணில் மேல இல்ல. எந்த மதகை எப்ப இறக்கணும்னு முடிவு பண்ற ரிலே மேல.

கொஞ்சம் கணக்கு சொல்றேன், ஓடிடாதீங்க. ஃபீடர் ரிலே, கரண்ட் கூடக்கூட சீக்கிரமா வேலை செய்யற மாதிரி வடிவமைச்சது. டைம் செட்டிங் 0.1ன்னு வெச்சா, செட்டிங்கை விட 2 மடங்கு கரண்ட் வந்தா 1 வினாடி, 10 மடங்கு வந்தா 0.3 வினாடி. அதுக்கு மேல இருக்கற இன்கமர் ரிலே இன்னும் ஒரு 0.3, 0.4 வினாடி பொறுத்துப் பாக்கும். கீழ இருக்கறவன் வேலையை முடிச்சுட்டா இவன் சும்மா இருந்துடுவான். இப்ப கீழ இருக்கற பழைய ரிலேயோட டிஸ்க்ல தூசி ஏறி, 0.3 வினாடி 0.9 ஆயிடுச்சுன்னு வெச்சுக்குங்க. மேல இருக்கறவன் முந்திக்குவான். எல்லா ஃபீடரும் காலி.

இந்த 0.9ஐ வெளியிலருந்து பாத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. ரிலே வருஷக்கணக்கா கண்ணாடிக்குள்ள சாமி மாதிரி உக்காந்திருக்கும். வேலை செய்ய வேண்டியது என்னைக்கோ ஒருநாள், ஒரு வினாடிக்குள்ள. அன்னைக்கு எழுந்திருக்குமான்னு தெரியணும்னா, டெஸ்ட் கிட்டை மாட்டி பொய்யா ஒரு பழுதுக் கரண்ட்டை உள்ள அனுப்பி நேரத்தை அளந்து பாக்கணும். அந்தக் காலத்துல வேரியாக், லோடிங் டிரான்ஸ்ஃபார்மர், டைமர்னு தூக்கிட்டு அலைவாங்க. இப்ப ஓமிக்ரான், மெகர், டோபிள்னு பெட்டிகள் வந்துருச்சு. விலை பல லட்சம். ஆனா பெட்டி இருந்தா போதுமா?

எனக்கு வயித்துப்பாடே இந்த வேலைதான், அதனால சொல்றேன். ஒரு ஆலை (பேரு வேணாம்). பெட்டியை இறக்கி வெச்சதும் மேலாளர் சொன்னது: "எதுக்கு சார் ஷட்டவுன்? போன வருஷ ரிப்போர்ட்ல தேதியை மட்டும் மாத்திக் குடுத்துருங்களேன்." மாட்டேன்னு சொல்லி, மல்லுக்கட்டி, ரெண்டு மணி நேரம் வாங்கினேன். கரண்ட்டை ஏத்தினா ரிலே கரெக்டா அடிச்சுது, கொடி விழுந்துச்சு. பிரேக்கர் மட்டும் கல்லு மாதிரி நிக்குது! பின்னாடி பேனலைத் திறந்தா, ட்ரிப் காயிலுக்குப் போற ஒயரைக் கழட்டி டேப் சுத்தி வெச்சிருக்காங்க. "அடிக்கடி ட்ரிப் ஆகி தொந்தரவா இருந்துச்சு சார்"னாரு எலெக்ட்ரீஷியன். போன வருஷ ரிப்போர்ட்ல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? 'திருப்திகரம்.'

ஒரு ஆலையோட போற சமாச்சாரமா இது? 2012 ஜூலை 30 அதிகாலை 2:33க்கு பீனா - குவாலியர் 400 கேவி லைன் ட்ரிப் ஆச்சு. லைன்ல பழுதே இல்ல. ஓவர்லோடைப் பாத்து அந்த லைன் ரிலே பழுதுன்னு எடுத்துக்கிச்சு. ரிலே கெடல, அதுக்குக் குடுத்திருந்த செட்டிங் அப்படி. வட இந்தியாவே இருட்டு. மறுநாள் மதியம் மறுபடி, கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து, சுமார் 48,000 மெகாவாட். விசாரணைக் குழு பாதுகாப்பு அமைப்புகளை வெளியாள் வெச்சுத் தணிக்கை பண்ணச் சொல்லுச்சு. நாம தப்பிச்சதுக்குக் காரணம் நம்ம சாமர்த்தியம் இல்ல. தென்னக கிரிட் அவங்களோட ஒத்திசைவா இணைஞ்சதே 2013 டிசம்பர் 31ல தான். இப்ப அங்க ஒரு ரிலே தூங்கினா இங்கயும் ஆடும்.

டெஸ்ட் பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்னு புருடா விடல. கம்பி அறுந்து காய்ஞ்ச மணல்ல விழுந்தா, ஓடுற கரண்ட் ரொம்பக் கம்மி. சாதாரண ரிலே கண்ணுக்கே அது தெரியாது. ஆனா தெரியக்கூடிய பழுதையும் பாக்காத ரிலேயை என்ன சொல்றது? 2022 ஏப்ரல் 27, இதே தஞ்சை மாவட்டம் களிமேடு, அப்பர் சதய விழா. தேர் மேல்கம்பியில பட்டு 11 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம் எங்க டீக்கடையில தேரோட உயரம், ரோட்டோட உயரம், அனுமதி எல்லாம் பேசினாங்க. பேச வேண்டியதுதான். ஆனா பட்ட நொடியிலருந்து எத்தனை வினாடியில லைன் செத்துச்சுன்னு ஒருத்தர் வாயிலயும் வரல. ஒரு உசிருக்கு அந்த வினாடிதான் கணக்கு.

'மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 மணி முதல் மின்தடை'ன்னு பேப்பர்ல போட்டா உடனே திட்ட ஆரம்பிக்கறோம். கிளை வெட்டினாங்களான்னு எட்டிப் பாக்கறோம், அது கண்ணுக்குத் தெரியுது. ரிலே டெஸ்ட் தெரியாது, அதனால அதுக்கு ரிப்பன் வெட்டறவரும் இல்ல, கேக்கறவரும் இல்ல. மின்வாரியத்துல இதுக்குன்னே எம்.ஆர்.டி.ன்னு ஒரு பிரிவு இருக்கு, மீட்டரையும் ரிலேயையும் சோதிக்க. எந்த ஃபீடர் ரிலேயை எந்தத் தேதியில சோதிச்சாங்க, எத்தனை வினாடியில அடிச்சுது, பிரேக்கர் நிஜமா திறந்துச்சா, ட்ரிப் பேட்டரி உசிரோட இருக்கா... இந்த நாலையும் ஒவ்வொரு துணை மின் நிலைய வாசல்லயும் ஒரு போர்டுல எழுதிப் போடச் சொல்லுங்க. போடலைன்னா ஒரு வெள்ளைத்தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், தகவல் அறியும் உரிமைச் சட்டம். நான் எங்க ஊருக்கு எழுதிட்டேன். உங்க ஊருக்கு நீங்க எழுதுங்க, பதில் வந்தா பின்னூட்டத்துல போடுங்க.

டிஸ்கி: வீட்டு மெயின் போர்டுல ஆர்.சி.சி.பி. இருந்தா அதுல 'டி'ன்னு ஒரு குட்டி பட்டன் இருக்கும். இந்தப் பதிவை மூடிட்டுப் போய் அமுக்கிப் பாருங்க. கரண்ட் போகலைன்னா நாளைக்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. சீரியல் நேரத்துல அமுக்கி வீட்டம்மாகிட்ட அடி வாங்கினா கம்பெனி பொறுப்பல்ல :-)