பனி தின்னும் கச்சான்

ஆனி மாதம். மட்டக்களப்புக் கல்லடியில் மூன்று நாளாகக் கச்சான் காற்று அடிக்கிறது. கொடியில் போட்ட சாரம் கொஞ்ச நேரத்தில் முறுகிவிடுகிறது. மற்ற நாட்களில் மதியத்துக்கு முன்னரே கடற்காற்று வந்து ஆளை ஆற்றும்; கச்சான் நாளில் அது கரையேறப் பயப்படும். இந்த வெக்கையில் இருந்துகொண்டு பனிச்சறுக்கைப் பற்றி எழுதுவது கொஞ்சம் பைத்தியக்காரத்தனந்தான். என்ன செய்ய, இதே காற்றை நான் கடைசியாகச் சந்தித்தது மாசி மாதத்தில், சுவிசில்.

அக்காவின் மகன் அங்கே போய் இருபது வருடத்துக்கு மேல். உணவகமொன்றில் சமையல் வேலை. மாசியில் பாடசாலைக்கு விளையாட்டு விடுமுறை விடுவார்கள். வகுப்புப் பிள்ளைகளெல்லாம் மலைக்குப் போக, தன் பிள்ளைகள் மட்டும் வீட்டில் இருப்பதை அவன் விரும்புவதில்லை. சறுக்குக் கட்டை வாடகை, சப்பாத்து வாடகை, லிஃப்ற் ரிக்கற், ரயில் என்று ஒரு நாளைக்கே சம்பளத்தில் நல்ல பங்கு போய்விடும். ஆகவே எந்த நாள் போவது என்பது அந்த வீட்டில் கலியாணத்துக்கு நாள் வைக்கிற மாதிரிப் பெரிய விசயம்.

வியாழன் இரவு தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, சனிக்கிழமை முப்பது சென்ரிமீற்றர் ஸ்னோ போட்டிருக்கு."

"எந்த இடத்திலகா முப்பது?"

கேட்டேனே தவிர, எனக்குப் பனியைப் பற்றி ஒன்றும் தெரியாது. பழக்க தோசம். வானொலியில் 'கிழக்கு மாகாணத்தில் மழை' என்றால் நாங்கள் நம்பிவிடுவோமா? வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் வரம்பு முட்ட வெள்ளம் நிற்க, எழுவான்கரையில் புழுதி பறந்த நாட்கள் எத்தனை!

அவர்கள் போக இருந்த ஊர் அந்தர்மற். ஊர் சுமார் 1,440 மீற்றர் உயரத்தில் கிடக்கிறது. அதற்கு மேலே நிற்கும் கெம்ஸ்ரொக் உச்சி 2,961 மீற்றர். நமது பிதுருதலாகலையை விட நானூறு மீற்றருக்கு மேல் உயரம். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறக்குறைய ஆறு பாகை குளிரும். அப்படியென்றால் ஊருக்கும் உச்சிக்கும் இடையில் ஒன்பது பாகை வித்தியாசம். ஒரே மேகம் உச்சியில் பனியாகவும் அடிவாரத்தில் மழையாகவும் விழும். முப்பது என்ற எண்ணைப் பார்த்துத் துள்ளுவதற்கு முன் எந்த உயரத்துக்கு மேல் பனியாக விழும் என்று பார்க்க வேண்டும். பூச்சியப் பாகைக் கோட்டுக்கு இருநூறு முந்நூறு மீற்றர் கீழேதான் பொதுவாக அந்த எல்லை இருக்கும். அதோடு, ஒரு மில்லிமீற்றர் மழைத்தண்ணி உத்தேசமாக ஒரு சென்ரிமீற்றர் பனி. கடுங்குளிரில் பஞ்சு மாதிரி இன்னும் பொங்கும். பூச்சியத்துக்குக் கிட்ட என்றால் ஈர மா மாதிரிக் கனத்து, காலைப் பிடிக்கும்.

அவன் முகம் சுருங்கியதற்குக் காரணம் அடுத்த வரி. "மாமா, ஃபோன் வருது எண்டு போட்டிருக்கு."

"வந்தா எடு மனே."

வீடே சிரித்தது. ஃபோன் என்பது காற்று. அங்கே தலைமயிர் காயவைக்கும் கருவிக்கும் அதே பெயர். தெற்கிலிருந்து ஈரக் காற்று அல்ப்ஸ் மலையில் ஏறும். ஏறும்போது குளிர்ந்து, தெற்குச் சரிவிலேயே மழையையும் பனியையும் கொட்டிவிடும். பிறகு வெறுங்கையோடு வடக்கே இறங்கும். காய்ந்த காற்று நூறு மீற்றர் இறங்க ஒரு பாகை சுடும். பள்ளத்தாக்குக்கு வந்து சேரும்போது மாசியிலும் ஆளை வியர்க்க வைக்கும். பனிதின்னி என்று அதற்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு. 1861 மே மாதம் கிளாரஸ் நகரின் பெரும்பகுதி எரிந்தது ஃபோன் அடித்த இரவில்தான்.

அவன் சொல்லச் சொல்ல எனக்கு நம் மலைநாட்டு வட்டவளை மழை ஞாபகம் வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று ஒரு பருவத்திலேயே மூவாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, மலை தாண்டி வறண்டு இறங்கி, 38 பாகைக்குக் கிட்ட நம்மை வாட்டுகிறது. "இது எங்கட கச்சானடா!" என்றேன். வாய்ப்பேச்சு இல்லை. அமெரிக்க வானிலையியல் சங்கத்தின் கலைச்சொல் அகராதியில் கச்சான் என்றே ஒரு பதிவு இருக்கிறது. ஃபோன் வகைக் காற்று என்று விளக்கி, மட்டக்களப்பின் பெயரையும் போட்டிருக்கிறார்கள். சின்னவளுக்கு மட்டும் குழப்பம். அவளுக்குத் தெரிந்த கச்சான் நான் பொதியில் கொண்டுபோன வறுத்த கச்சான் கடலைதான்.

வரைபடத்தைப் பெருப்பித்துப் பார்த்தால், சனிக்கிழமை முப்பதும் கோத்தார்ட் கணவாய்க்குத் தெற்கே, ஐரோலோப் பக்கம். அவர்கள் போகும் வடக்குப் பக்கத்துக்குக் காற்று மட்டுந்தான். அப்படியான நாளில் உயர லிஃப்ற்றுகள் ஓடுவதும் சந்தேகம். ஆனால் ஃபோன் விழுந்த கையோடு பெரும்பாலும் வடமேற்கிலிருந்து குளிர் வந்து வடக்குப் பக்கத்தில் கொட்டும். செவ்வாய்க்கு மாற்றினோம்.

அதற்கிடையில் பின்னேரம் ஐந்து மணிக்கு டாவோஸ் ஆய்வு நிறுவனத்தின் பனிச்சரிவு அறிக்கை வரும். ஐந்து படிகள். ஐரோப்பா முழுக்க 1993இலிருந்து ஒரே அளவுகோல். மூன்றாம் படியை 'நடுத்தரந்தானே' என்று நினைத்துத்தான் ஆட்கள் போய் மாட்டுகிறார்கள். சுவிசில் பனிச்சரிவு உயிரிழப்புகளில் ஏறக்குறையப் பாதி அந்தப் படியில். காற்று ஒரு சரிவிலிருந்து பனியை வாரி மறுபக்கச் சரிவில் பலகை மாதிரி அடுக்கிவைக்கும். முப்பது பாகைக்கு மேல் செங்குத்தென்றால் ஒரு ஆளின் பாரமே அதை உடைக்கப் போதும். அடையாளம் போட்ட, திறந்திருக்கும் பாதைகளை அங்குள்ளவர்கள் கவனித்துக்கொள்வார்கள். கயிற்றுக்கு அப்பால் போனால் அவரவர் பொறுப்பு. "கயிறு தாண்டினா அடுத்த வருசம் இல்லை" என்று மருமகன் பிள்ளைகளுக்குச் சட்டம் போட்டான்.

செவ்வாய்க்கிழமை நான் சறுக்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் எலும்பை முறித்துக்கொண்டு ஊர் திரும்ப எனக்கென்ன விசரா? நடு நிலையத்தில் தேத்தண்ணியோடு இருந்து சரிவுகளைப் பார்த்தேன். எழுவான்கரை, படுவான்கரை என்று வெயிலை வைத்து ஊருக்குப் பெயர் வைத்தவர்களின் பேரனுக்கு அது பிடிபட அதிக நேரம் ஆகவில்லை. வடக்கு பார்த்த சரிவில் புதுப்பனி அப்படியே மாவாகக் கிடந்தது. தெற்கு பார்த்தது முதல் நாள் வெயிலில் இளகி, இரவு உறைந்து, காலையில் கண்ணாடி. பதினொரு மணிக்கு நல்ல பதம். இரண்டு மணிக்குக் கஞ்சி. பெரியவன் காலையிலேயே தெற்குப் பக்கம் போய் இரண்டு தரம் விழுந்து, முழங்கையைத் தடவிக்கொண்டு வந்தான்.

நேற்று இரவு சின்னவளின் குரல் செய்தி: "தாத்தா, அங்க ஃபோன் நிண்டிற்றா?"

இன்னும் இல்லை மளே. இப்பவும் கதவு அடிபடுகிறது.